நல்லா இருக்கேன் சார்!

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் அவர் ஓட்டியதென்னவோ லாரி. மலைப்பாதையில் அது உருண்டு முதுகெலும்பில் அடிபட்ட பிறகும் விடாமல் ஓட்டினார். ஓய்வு பெறும் நாளில் ராணுவ டாக்டர், "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இந்த மகராசன், "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன் சார்!" என்று சொல்லிவிட்டு வந்தார். அதிகாரி கேட்டால் பட்டாளத்தான் அப்படித்தான் சொல்வானாம். வலிக்கிறது என்பவனைப் பொம்பளை என்று கேலி செய்வார்களாம். வலியைப் பற்றி எங்களிடம் வந்து கேட்டால் தெரியும்!

இப்போது கால் மரத்துப்போகிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த வேலையும் போயிற்று. காயத்துக்கான ஓய்வூதியம் கேட்டோம். நல்லா இருக்கேன் என்று நீங்களே சொன்னீர்களே என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் படைவீரர் வழக்குகளுக்கென்றே இருக்கிற தீர்ப்பாயத்துக்குப் போனோம். மறுபடி ஒரு மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

"உங்களையே கேட்டாலும் கேப்பாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும்" என்றார் எங்கள் வக்கீலம்மா.

வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் கட்டிலில் சம்மணம் போட்டு நீதிபதியாக உட்கார்ந்து விசாரிப்பேன். "குனிய முடியல, ராத்திரி புரண்டு படுக்க முடியல, செருப்பு கழண்டு போனாகூடத் தெரியல" என்று அடுக்குவார்.

"அடேயப்பா, என்கிட்டன்னா மட்டும் எத்தனை வலி!" என்பேன். சிரிப்பார்.

விசாரணை நாளில் மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நீதிபதி. மற்றவர் பட்டாளத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர் என்று வக்கீலம்மா காதில் சொன்னார். நரைத்த மீசையும் அந்த உட்காரும் தோரணையும் கண்ணில் பட்டதுமே என் வீட்டுக்காரரின் கழுத்து நிமிர்ந்தது.

மீசைக்காரர் அன்பாகத்தான் கேட்டார். "என்னப்பா, இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

என் தோளைப் பிடித்திருந்த இவர் கை விலகியது. குதிகால் இரண்டும் சேர்ந்தன. நெஞ்சு முன்னால் வந்தது.

"நல்லா இருக்கேன் சார்!"

கூரை அதிர்ந்தது. அட பாவி மனுஷா! வக்கீலம்மா எழுந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரமமே படவில்லை. "மனுதாரரே நல்லா இருக்கேன்னு சொல்றாரு, நேராவும் நிக்கறாரு. எதுக்கு இன்னொரு குழு?" என்றார். மனு தள்ளுபடியானது.

"மேல அப்பீல் போகலாம்" என்றார் வக்கீலம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே படிக்கட்டில் பாதி இறங்குவதற்குள் என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏங்க இப்படி நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க?"

"தெரியலம்மா. அவரு கேட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "உயிர் போகுது, இங்கயே கொஞ்ச நேரம் இருப்போம்" என்றார். திட்ட வாயெடுத்த எனக்கு அழுகைதான் வந்தது.

அப்போது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. மீசைக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கடவுளே, பார்க்கட்டும், இந்தக் கோலத்தை அந்த மனுஷன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இவரோ கைப்பிடிக் கம்பியைப் பற்றி எழுந்துகொண்டிருந்தார். முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. ஒரு நொடி நான் சும்மா நின்றிருந்தால் போதும், மீசைக்காரர் காலடியிலேயே இவர் விழுந்திருப்பார்.

மனசு கேட்கவில்லை. பின்னாலிருந்து இடுப்பில் கையைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவரை நேராக நிறுத்தினேன். மீசைக்காரர் தலையசைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.