பொம்மை வீட்டில் விளக்கு அணைந்த மாலை

போன வாரம் அலோர் ஸ்டாரில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் மூன்று வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. அதன் முன்னால் மைலோ குவளையில் சாய்த்து வைத்த கைபேசி. அதில் துணிப் பொம்மைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று பொம்மைகளின் வீட்டில் மின்சாரம் போய்த் திரை கருத்தது. குழந்தை கைபேசியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாயைத் திறந்தது. தாய் ரொட்டியை ஊட்டினாள். நான் மட்டும் தலையைத் தூக்கி, மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன்.

பொம்மை நிகழ்ச்சிக்காரர்களுக்கு இந்தக் கதை எப்போதும் பிடிக்கும் போலிருக்கிறது. விளக்கு அணையும். எல்லாரும் இருட்டில் முட்டிக்கொள்வார்கள். அதிகம் பயந்த பொம்மைதான் கடைசியில் மெழுகுவர்த்தியைத் தேடி எடுக்கும். வெளிச்சம் வந்ததும் ஒரு பாட்டு. சின்ன வயதில் நான் பார்த்ததும் இப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. பாதியில் எழுந்து ஓடிவிட்டேன். அப்படித்தான் போன வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பாவுக்கு அங்கே இஞ்சின் வீட்டில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் இஞ்சினை முடுக்கினால்தான் தொழிலாளர் லயத்துக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார். அவர் சட்டையில் எந்நேரமும் டீசல் வாசம் அடிக்கும். இன்றைக்கும் லாரிக்குப் பின்னால் கார் ஓட்டிப் போகும்போது நான் கண்ணாடியை ஏற்றுவதில்லை. கூட வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

லயத்தில், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. மரக் கதவு வைத்து, பூட்டும் போட்ட டிவி. கதவு திறந்தால் வாசலில் இருபது, முப்பது ஜப்பான் ரப்பர் செருப்புக் குவிந்துவிடும். அங்கே ஒரு சட்டம் உண்டு. டிவி போட்டால் எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். டிவிக்கு வந்தவர்களும் தங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும். இஞ்சின் தாங்காதாம். சட்டம் போட்டவர் வேறு யாருமில்லை, எங்கள் அப்பாதான்.

நான் பாதியில் ஓடிய அன்று டிவியில் தொப்பி வைத்த ஆட்டுப் பொம்மையும் ஓர் எருமைப் பொம்மையும் வந்தன. மலாய் நிகழ்ச்சி; பாதி புரியும், மீதியைப் பக்கத்தில் இருப்பவர்கள் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்வார்கள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. எருமை எதையோ இழுத்தது. திரை கறுப்பானது. சத்தமும் நின்றுபோனது. அறையில் வேறு விளக்கு கிடையாது. லயம் முழுக்க விளக்கு கிடையாது. மண்டோர் மனைவி இருட்டுக்குள்ளிருந்து, "போச்சு. போயி உங்கப்பாகிட்ட சொல்லு போ" என்றார்.

ஓடினேன். இஞ்சின் சத்தம் காதில் விழுந்திருக்கும்தானே என்று நீங்கள் கேட்கலாம். அது தினமும் இருக்கிற சத்தம். இருக்கிறதா இல்லையா என்று அதை யாரும் கவனிப்பதில்லை. இஞ்சின் வீட்டில் அப்பா முக்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சின் ஓடுதே பாப்பா."

"லயத்துல லைட்டே இல்லப்பா. ஒரு வீட்லயும் இல்ல."

அப்பா கோப்பியைக் கீழே வைத்தார். என் கால்களைப் பார்த்தார். "கம்பி எங்கியோ அறுந்து கெடக்கு. நீ அது மேலதான் ஓடி வந்துருக்க" என்று சொல்லிக்கொண்டே இஞ்சினை நிறுத்தினார்.

நான் ஓடிய கொஞ்ச நேரத்திலேயே டிவியில் எருமை பேச ஆரம்பித்து எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு நிஜமாகவே எல்லாம் அணைந்தபோது, அதுவும் கதைதான் என்று வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டேன்.

அப்பா டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு கம்பி போகும் வழியெல்லாம் தேடினார். அறுந்த கம்பி இல்லை. அன்று துரை பங்களாவில் பினாங்கிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அடுத்த நாள் காலை அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, லைட் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது யார் என்று துரை கேட்டார். "யாரும் சொல்லலீங்க தொர. நானாதான் நிறுத்துனேன்" என்றாராம் அப்பா. அந்த வாரத்திலேயே மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். முதுகில் மருந்து நிரப்பிய தோம்பு. டீசல் வாசம் போய், களைக்கொல்லி வாசம் வந்தது. அம்மா அவருடைய சட்டையைத் தனியாகத் துவைத்தார். சில வருடத்தில் இருமலும் சேர்ந்துகொண்டது. அப்பா அந்த மாலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்களும் பேசவில்லை.

நான் ஒரு தேதிப் பைத்தியம். குளிர்பெட்டி வாங்கிய நாள், ஜித்ராவில் வெள்ளம் வந்த நாள், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட நாள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகு தொடங்கியது. இந்த ஒரு நாள்தான் எழுதப்படாமல் கிடந்தது. போன வாரம் கடையிலிருந்து வீடு திரும்பியதும் ஜித்ராவில் இருக்கும் தம்பி சேகரைக் கூப்பிட்டு, எந்த வருடம், என்ன கிழமை என்று கேட்டேன். வியாழன் என்பது என் எண்ணம். சனி என்றான் அவன். நான் ஓடிப்போய்ச் சொன்னதால்தான் எல்லாம் வந்தது என்று, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஓடுனது நான்லா."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் விளையாடவில்லை. முக்காலி, கோப்பி, கம்பி, எல்லாவற்றையும் சொன்னான். அப்பா அவனைத் தம்பி என்று கூப்பிட்டாராம். அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்வானாம். பின்னால் அவன் மனைவி, ரெண்டு பேருமே ஓடியிருப்பீங்க, இதுக்கு ஒரு பஞ்சாயத்தா என்று சொல்வது கேட்டது. ஆனால் அவன் நினைவில் நான் இல்லை. என் நினைவில் அவன் இல்லை. எங்கள் இருவர் நினைவிலும் அப்பா ஒரு பிள்ளையோடுதான் இருக்கிறார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தவனுக்குத்தானே மீதிக் கதை தெரியும்? "எரும கடைசியில என்னா ஆச்சுடா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அங்க இல்லியே" என்றான்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இஞ்சின் நின்றுவிட்டதால் அந்தக் கதையின் முடிவை அன்று லயத்தில் ஒருவருமே பார்க்கவில்லை. என் கேள்வியால் எதுவும் நிரூபணமாகாது. என் பாரத்தைக் குறைக்க அவன் பொய் சொல்கிறானா, அவன் சொல்வதுதான் நிஜமா, சின்ன வயதில் அவன் தூக்கத்தில் உளறியதைக் கேட்டு நான் என்னுடையதாக்கிக்கொண்டேனா, தெரியவில்லை. பாரம் குறைந்ததா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. யாரோ என் பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதுபோல முதலில் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரிலேயே இருவரும் தோட்டத்துக்குப் போனோம். லயம் இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டு, அதையும் அழித்து வீடமைப்புப் பகுதி கட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லா வாசலிலும் கார். ஒரு வளைவில் இறங்கி நின்றோம். மண்டோர் வீடு இங்கேதான் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. இஞ்சின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவன் மேட்டுப் பக்கம் கை காட்டினான். நான் எதிர்ப்பக்கம், பெரிய சாக்கடை ஓடிய பக்கம் காட்டினேன். வயதான ஒருவரும் கண்ணில் படவில்லை, கேட்பதற்கு. பட்டப்பகலில் தெருவிளக்கு ஒன்று அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் நீட்டிய கையை இறக்காமல் நின்றோம்.