கொம்பு வைத்த மனிதர்

டில்லியில் நவம்பர் வந்துவிட்டால் ஜன்னலைத் திறப்பதற்கு முன் செல்போனைப் பார்க்க வேண்டும். இன்றைக்குக் காற்று எவ்வளவு மோசம் என்று அது எண்ணில் சொல்லும். வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. இப்போது, அம்மா போன பிறகு ஜனக்புரியில் என்னோடு வந்து தங்கியிருக்கும் அப்பாவுக்கு விசித்திரமாக இருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காலநிலை மாற்றப் பாடத்தில் நிலக்கரி என்றதும் காவ்யா எழுந்து, "கரின்னா மட்டன் கறியா, மேம்?" என்றாள். இங்கேயே பிறந்த பிள்ளை. "கோய்லா" என்று இந்தியில் சொன்ன பிறகுதான் புரிந்தது. அதை எரிப்பதால் பூமி எப்படிச் சூடாகிறது என்று, மனதில் பதியட்டுமே என, கொஞ்சம் காரமாகவே நடத்தினேன். அப்பா கடலூர்ப் பக்கம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் நிலத்தையும் வீட்டையும் சுரங்கத்துக்குக் கொடுத்ததற்குக் கிடைத்த வேலை அது. ஷிப்ட் முடிந்து வந்து குளித்த பிறகும் அவர் காதோரம் கரி ஒட்டியிருக்கும். அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு அப்பாவும் வந்தார். காவ்யா வரைந்த படத்தில், தலையில் கொம்பு முளைத்த ஒருவன் கரி வெட்டிக்கொண்டிருந்தான்.

"இவருக்கு எதுக்கும்மா கொம்பு?" என்று அப்பா கேட்டார்.

"கோய்லா எடுக்கிறார்ல தாத்தா, அதான். வில்லன்." பிறகு அவளே, "நீங்க என்ன வேலை பார்த்தீங்க தாத்தா?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"ஆபீஸ்ல கிளார்க்கும்மா," என்றார்.

மெட்ரோவில் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீ நடத்துனது உண்மைதானே. நான் வந்து எதுக்குக் கெடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். வெளியே புகையைத் தவிர ஒன்றும் இல்லை. பெட்டி நிறைய ஆட்கள் இருந்ததால் அழவும் முடியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்ததையும் சொன்னேன். காவ்யாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஸாரி மேம். தாத்தா ஹர்ட் ஆயிட்டாரா?"

"ஆனார். உன்னால இல்ல, என்னால."

பிறகு அவளே, "உங்க வீடு எங்க இருந்துச்சு, காட்டுங்க மேம்," என்றாள். வகுப்பில் இருந்த பெரிய திரையில் வரைபடத்தைத் திறந்து கடலூர்ப் பக்கம் நகர்த்தினேன். பிள்ளைகள் திரையருகே வந்து கூரைகளைத் தேடினார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க, பழுப்பு நிறத்தில் படிப்படியாக இறங்கும் பள்ளம்தான் வந்தது.

அதன் நடுவில் விரலை வைத்து, "இதுதான் எங்க ஊர்," என்றேன்.