கலீஃபாவுக்காக நின்ற கல்யாணம்

மெஹருன்னிசாவின் கல்யாணத்தை நிறுத்தி வைத்தவர் துருக்கி சுல்தான். பாவம், அந்த மனுஷருக்கே இது தெரியாது.

எல்லாம் அவள் அத்தா பக்கீர் முகமது செய்த வேலை. காஜிமார் தெருவில் கைலிக்கடை வைத்திருந்தவர். தங்கமான மனுஷர்தான், ஆனால் கூட்டத்தைக் கண்டால் நாக்கு நிற்காது. வெள்ளைக்காரன் துருக்கியைத் துண்டு போடுகிறான் என்று, உலக முஸ்லிம்களுக்குத் தலைவராக, அதாவது கலீஃபாவாக இருந்த அந்தச் சுல்தானுக்கு ஆதரவாக வைகை மணலில் கிலாபத் கூட்டம் நடந்தது. சீமைத்துணி உடுத்த மாட்டோம் என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். இவர் ஒரு படி மேலே போனார்.

"கலீஃபாவோட சிம்மாசனம் நிலைக்கிற வரைக்கும் என் மக நிக்காஹ் நடக்காது. அல்லா மேல சத்தியம்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. வீட்டில் அவர் மனைவி அஜ்மல் பீவி சோற்றுச்சட்டியை நங்கென்று வைத்தாள். "அங்கன சிம்மாசனம் ஆடுனா இங்கன எம்புள்ள எதுக்கு உக்காந்திருக்கணும்?"

சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும், மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. அஜ்மல் பீவி தலைபாடாய் அடித்துக்கொண்டும் மனுஷர் அசையவில்லை. ஊர் முன்னால் சொன்ன சொல்லாம்! நாலு வருஷம் ஓடிப்போனது. பேசி முடித்த மாப்பிள்ளை சிஹாபுதீன் பொறுமைசாலி. ஆனால் அவன் தாயார் பொறுமைசாலி இல்லை. இந்த ரமலான் நோன்புக்கு முன்னால் நிக்காஹ் நடக்காவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். மெஹருன்னிசா அடுப்படியில் புகையைச் சாக்கு வைத்து அழுதாள்.

நோன்புக்கு இன்னும் ஒரு மாதமே இருந்த ரஜப் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், பக்கீர் முகமது கடையைப் பூட்டிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். துருக்கியில் புரட்சி செய்தவர்கள் சுல்தான் பட்டத்தை முன்பே ஒழித்திருந்தார்கள். இப்போது மிச்சமிருந்த கலீஃபாவையும் குடும்பத்தோடு ரயிலேற்றி நாடு கடத்திவிட்டார்கள். துருக்கியின் கையிலிருந்த அரபு நாடும் சாம் நாடும் ஏற்கெனவே கைவிட்டுப் போயாயிற்று. இப்போது அங்கே குடியரசாம்.

"வெள்ளைக்காரன் செஞ்சிருந்தா சண்டை போடலாம். சொந்தச் சனமே போன்னு சொன்னா, யாருகிட்டப் போயி முறையிடுறது?" என்று குழந்தை மாதிரி அழுதார்.

சிம்மாசனமே இல்லை, இனி அது எங்கே நிலைக்க? தன் கதை முடிந்தது என்றே மெஹருன்னிசா நினைத்தாள். ஆனாலும் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

"குடும்பத்துல யாரு யாரு போனாக, அத்தா?"

"பேகம்மாரு, மகன்... சின்னப் புள்ள ஒண்ணு. பத்து வயசு மக."

மெஹருன்னிசாவுக்குத் தன் கவலை ஒரு கணம் மறந்தது. "அய்யோ பாவம். அந்தப் புள்ளைக்கு இனி யாரு நிக்காஹ் முடிச்சு வைப்பாக?"

சத்தியமாக அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் பக்கீர் முகமது நிமிர்ந்து மகள் முகத்தைப் பார்த்தார். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"வீடு வாசலைப் பறிகொடுத்துட்டு அந்த மனுசன் மகளைக் கூட்டிக்கிட்டுப் போறாரு. எல்லாம் இருந்தும் நான் உன்னை இப்படி உக்கார வச்சிட்டேனேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "அஜ்மலு! நாளைக்குப் பத்து ஏழைக்குச் சோறு ஆக்கு. என் சத்தியத்த முறிச்சிட்டேன்!"

மறுநாள் அவரே பரிமாறினார். "என்ன பாய், சிம்மாசனம் நிலைச்சிருச்சா?" என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். "அது கெடக்கட்டும், நீ பந்தலுக்கு வந்து சேரு" என்றார். நோன்பு பிறக்குமுன் நிக்காஹ் நடந்தது.

அன்றிலிருந்து மெஹருன்னிசா தன் வாழ்வுக்கு நன்றி சொல்லிக் கையேந்தும்போதெல்லாம், முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து துஆ கேட்டாள். ஏழெட்டு வருஷம் கழித்து ஒருநாள், பேரப்பிள்ளைகளைக்கூட எட்டிப் பார்க்காமல் பக்கீர் முகமது பத்திரிகையோடு மூச்சிரைக்க மகள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"கலீஃபா மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சும்மா! ஐதராபாத் நிஜாம் மகனாம். நம்ம நாட்டுக்கே மருமகளா வாரா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் மெஹருன்னிசா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய பானையை எடு. பத்து ஏழைக்கு ஆக்கணும்."

"அய்யய்யோ, மறுபடி என்னத்த முறிச்சீக அத்தா?"

"அன்னைக்கு முறிச்சதுக்குப் போட்டோம். இது உன் துஆ நிறைஞ்சதுக்கும்மா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.