இன்சூரன்ஸ்காரர் நலம் விசாரித்த கதை

கத்திரி அக்காவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. பெண்களுக்கு முடி வெட்டும் கடை அது. கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலி அவளுடையது, கடை முதலாளிக்கு மாதாமாதம் வாடகை கொடுத்து அதை வைத்திருந்தாள். "குட்டையா வெட்டணும், ஆனா குட்டையா தெரியக்கூடாது" என்று எந்த மகராசியாவது ஆரம்பித்தால், "தலையை இங்க வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கலாம்" என்பாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த மாதமும் அவள் நாற்காலிக்குத்தான் வருவார்கள்.

இத்தனை வாய் உள்ளவளுக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஒரே ஒரு பதில்தான் தெரியும். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் போதும், நல்லா இருக்கேன் என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். வீட்டுக் கஷ்டம் வாசல்படி தாண்டக்கூடாது என்று அடித்து வளர்த்த குடும்பம். பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது நர்ஸ் வந்து விசாரித்தாள். இவள் நல்லா இருக்கேன் என்றாள். அந்தப் புண்ணியவதி நம்பி டீ குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது குழந்தை பாதி வழிக்கு வந்திருந்தது. புருஷன் போய்ச்சேர்ந்த வருஷம் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும் அதே பதில்தான், கூடவே "நீங்க சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியும். அந்தப் பிரசவத்தில் பிறந்த மகள் இப்போது வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். எப்படிம்மா இருக்கே, நல்லா இருக்கேன், நீ எப்படிடி இருக்கே, நல்லா இருக்கேன்மா. முடிந்தது பேச்சு. என்ன தாயோ, என்ன மகளோ.

இந்த ஒரு பதில்தான் அவளை நடுத்தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்தது.

கடையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சந்துக்குள்ளிருந்து வந்த கார் ஒன்று இடம் வலம் பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறி அவளைத் தூக்கிப் போட்டது. வலது தோள் தரையில் அடிபட விழுந்தாள். காரிலிருந்து இறங்கியவன் சின்னப் பையன், உதறிக்கொண்டு நின்றான். கூட்டம் கூடியது. "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று இவளே எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அது போதாதென்று, அவனுக்குத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் வேறு கொடுத்தாள். இடித்தவனுக்கு உபசாரம் செய்த ஆளை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மறுநாள் காலையில் தோளில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது அந்தக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. குரல் தேனாக ஒழுகியது. எப்படி இருக்கீங்க மேடம் என்றது. நல்லா இருக்கேன் தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா என்றாள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அன்றைக்கே கை மேலே போக மறுத்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், அதற்குப் பிறகும் பல மாதம் கத்திரி பிடிக்கக்கூடாது என்றார். முடி வெட்டுகிறவளுக்கு முழங்கை நாள் முழுக்கக் காது உயரத்தில் நிற்கவேண்டும். இவளுக்கு நெஞ்சுக்கு மேல் போகவில்லை. குழந்தைகள் வந்தால் மட்டும் நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வெட்டினாள். பெரியவர்களைப் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் அனுப்பினாள். முதலாளி நல்ல மனுஷிதான், ஆனாலும் ஜன்னலோர நாற்காலியை இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனதாகக் காதில் போட்டுவைத்தாள். ஆபரேஷனுக்கும், கை சும்மா இருக்கும் மாதங்களுக்கும் இன்சூரன்ஸ் பணம் வந்தால் நாற்காலி நிற்கும். வராவிட்டால் கையும் போச்சு, நாற்காலியும் போச்சு.

சில மாதம் கழித்து, பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. துணைக்கு அண்ணன் வந்தான். அச்சகத்தில் வேலை பார்ப்பவன், பரம சாது. வழி நெடுக ஒரே பாட்டுத்தான். "குடுக்கிறதை வாங்கிக்கோம்மா. பெரிய இடத்தோட நமக்கு எதுக்கு வம்பு? வந்த வரைக்கும் லாபம்."

"லாபமா? என் தோளுண்ணே அது. நான் என்ன பழைய பேப்பரா போட வந்திருக்கேன்?" என்றாள் அவள்.

ஏசி நடுங்கவைக்கும் சின்ன அறை. மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி எழுந்து வணங்கினார். "வாங்க, உட்காருங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அதிகாரி அடக்கமாகச் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அறை முழுக்க அவள் குரலே கேட்டது. நல்லா இருக்கேன் தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா? எவ்வளவு கணீரென்று பேசியிருக்கிறாள், பாவி.

"இது விபத்துக்கு மறுநாள் பேசினது. இப்பவும் அதையேதான் சொல்றீங்க. அப்ப இந்தக் கிழிசல் விபத்துல வந்ததுன்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது? வருஷக்கணக்கா கையைத் தூக்கி வேலை பார்த்ததுல கூட வந்திருக்கலாம் இல்லையா? இருந்தாலும் மனிதாபிமானத்தோட ஒரு தொகை தர்றோம்." ஒரு காகிதத்தை நகர்த்தினார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும்கூட அந்தப் பணம் வராது. கீழே ஒரு வரி, பூரண குணமடைந்துவிட்டேன், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று. பேனாவை மூடி திறந்து தயாராக வைத்திருந்தார்.

அண்ணன் காதோரம் குனிந்தான். "போட்டுட்டு வாம்மா."

அவளுக்குக் கண் இருண்டு வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். தன் மேலேயே ஆத்திரம். அப்போது அதிகாரி தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து குடித்தார், குடித்ததும் கண்ணை இறுக்கி மூடினார். நாள் முழுக்கக் கண்ணாடியில் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவள். உள்ளே வந்தபோதே அந்த இடது கன்னம் அவள் கண்ணில் பட்டிருந்தது.

"கடைவாய்ப் பல்லா சார்?"

அதிகாரி திடுக்கிட்டார். "ஆமா. மூணு நாளா தூக்கமே இல்ல."

"அப்ப நான் கேட்டப்ப ஏன் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?"

"அது... யாராவது விசாரிச்சா அப்படித்தானேம்மா சொல்லுவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அண்ணனுக்கும் உறைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நானும் அதைத்தான் சொன்னேன். உங்க பல்லுக்கு ஒரு நியாயம், என் தோளுக்கு ஒரு நியாயமா? இந்தக் கிழிசல் புதுசுன்னு டாக்டர் எழுதியிருக்கார். அவர் எழுத்தை நம்பமாட்டீங்க, நான் மரியாதைக்குச் சொன்னதைப் புடிச்சுத் தொங்குறீங்க. புதுசா ஒரு ரெக்கார்டிங் எடுங்க சார். போன்ல கேட்ட மாதிரியே கேளுங்க. இப்ப பதில் சொல்றேன்."

அதிகாரி தயங்கினார். அவள் அசைவதாக இல்லை. கடைசியில் புது ரெக்கார்டிங்கைத் தொடங்கி, கூச்சத்தோடு கேட்டார். "எப்படி இருக்கீங்க?"

கத்திரி அக்கா வாயைத் திறந்தாள். நாக்கு பழைய இடத்துக்கே ஓடப் பார்த்தது, இழுத்துப் பிடித்தாள்.

"நல்லா இல்ல. வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியல. சோத்தை இடது கையால சாப்பிடுறேன். ஊருக்கெல்லாம் தலை சீவிவிட்டவ நான், என் தலையை நானே சீவி மாசக்கணக்காச்சு. பக்கத்து நாற்காலிப் பொண்ணு காலையில பின்னிவிடுறா. அவ லீவு போட்டா அன்னிக்கு அப்படியே முடிஞ்சுக்கிட்டுப் போறேன். கத்திரியை எடுத்தா கை நடுங்குது. ராத்திரியில பயமா இருக்கு சார். இந்தத் தொழிலை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." நிறுத்தினாள். "இன்னும் இருக்கு. கேட்டா சொல்றேன்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "எங்கிட்டகூட சொல்லலியேம்மா" என்றான்.

"நீ கேட்டே, நல்லா இருக்கேன்னு சொன்னேன்" என்றாள்.

அன்றைக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை. மேலிடத்தில் பேசுகிறேன் என்றார் அதிகாரி. பேசுங்க, டாக்டர்கிட்ட பல்லையும் காட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அடுத்த தடவை தொகையைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினார்கள். ஆபரேஷனுக்குச் சரி, சும்மா இருக்கிற மாசத்துக்கு நான் காத்தையா குடிக்கிறது என்று திருப்பி நகர்த்தினாள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று பயமுறுத்தினார்கள். "இழுக்கட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் வருவேன், எப்படி இருக்கேன்னு ஜட்ஜும் கேட்கட்டும்" என்றாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். மூன்றாம் தடவை ஆபரேஷன் செலவும், வேலை இல்லாத மாதங்களுக்கான வருமானமும் சேர்ந்து வந்தன. பூரண குணமடைந்துவிட்டேன் என்ற வரியை அவள் கண்ணெதிரிலேயே அடித்தார்கள். அதன் பிறகுதான் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். ஜன்னலோர நாற்காலிக்கு வாடகையை முன்கூட்டியே கட்டினாள். விசாரிக்க வந்தவர்களை வேறு கடை பார்க்கச் சொல்லுங்க என்று முதலாளியிடம் தெளிவாகச் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். சின்ன இடி, சிராய்ப்பு என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தது.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இல்லடி. தோள் கிழிஞ்சு போச்சு. புதன்கிழமை ஆபரேஷன். பயமா இருக்கு, நீ வா."

மறுமுனையில் விசும்பல் கேட்டது. அம்மாவின் தோளுக்காக அழுகிற அழுகையாக அது படவில்லை, ரொம்ப நாளாக அடக்கிவைத்த அழுகை.

"அம்மா, நானும் இங்க நல்லா இல்லம்மா."

கத்திரி அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நான் கேட்கிறேன்."