காற்று வரலாம், கல் வரக் கூடாது

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை கல்லெறிவது. பள்ளிக்கூடம் ஆறாம் ஆண்டோடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் மெதுவாக ஓடுகிற ரயிலில், ஜன்னலுக்கு மேலே, ஒரு முழ நீளமும் ஒரு சாண் உயரமும் உள்ள காற்றுத் துவாரத்துக்குள் கல்லைப் போடச் சொன்னால் போட்டுவிடுவேன். இதற்குச் சான்றிதழ் கொடுக்கிற பள்ளிக்கூடம் பினாங்கில் இல்லாததால், இன்று பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பட்டர்வொர்த் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியிருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். எல்லாம் குளிர்சாதனம் இல்லாத பழைய பெட்டிகள். மின்விசிறி இருக்கும், சுற்றுவதும் சுற்றாததும் அதன் இஷ்டம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உயிர் கொடுப்பது ஜன்னலுக்கு மேலே இருக்கும் அந்தத் துவாரங்கள்தான். பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் தண்டவாளத்து ஓரம் நின்று அவற்றுக்குள் கல் போட்டு விளையாடுவோம். உள்ளே ஆட்கள் இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துவாரத்தைப் பார்க்கும்போது ஆட்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"எவனோ பசங்க கல்ல விட்டு அடிச்சிருக்கானுங்க. மூணாவது பெட்டில ஒரு பெரியவரு. நெத்தியில மூணு தையலாம்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் கல் ரயிலைத் தொடுவதே அபூர்வம். உள்ளே போனது என்றால் அது என் கல்தான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமை. பயம் அடுத்த வாய்ச் சோற்றோடுதான் வந்தது.

"சூப்பர்வைசர் ஐயா எல்லா ஓட்டையையும் தகரம் அடிச்சு மூடச் சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

"மூடிட்டா காத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க? உள்ள உக்காந்து இட்லியா வேக வேண்டியதுதான். அதான் கம்பி வல போட்டுத் தரேன்னு சொன்னேன். சனிக்கிழம வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. வல தாங்கலன்னா நானே என் கையால தகரம் அடிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"காத்து வரணும், கல்லு வரக் கூடாது. அவ்வளவுதானே லா? முடியாதா என்ன?"

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னார் என்றால் அதைச் செய்துவிட்டுத்தான் தூங்குவார். அன்று அதை மூன்று தடவை சொன்னார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போனார். பாய் ஒருவரின் இரும்புச் சாமான் கடை. தரையிலிருந்து கூரை வரை சுருட்டி வைத்த வலைகள்.

"பாய், கம்பி வல வேணும்."

"கொசுவுக்கா, கோழிக்கா?"

"கல்லுக்கு."

பாய் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லுக்குன்னு தனியா வரல தம்பி. கொசு வல பாருங்க. ஒரு ஈ உள்ள போவாது."

"காத்தும் போவாது பாய். ஒரே வாரத்துல தூசி அடச்சிக்கும்."

பாய் கோழி வலையை விரித்தார். அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கடையில் யாரும் கேட்காத என் கருத்தை நான் எடுத்து வைத்தேன்.

"இது வேணாம் பா. இதுல ஜல்லிக் கல்லு போயிரும். பெரிய கல்லுதான் மாட்டும். ஆனா பெரிய கல்லு யாரு எறிவா? அது நேரா போவாது. சின்னதுதான் சும்மா ஜிவ்வுன்னு போவும்."

"அட, ஒங்க மவன் இஞ்சினியரா வருவான் போலயே!" என்றார் பாய்.

அப்பா என்னைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

மூன்றாவதாக வந்தது சதுரச் சதுரமாகப் பின்னிய வலை. தீக்குச்சிக் கனம் கம்பி. அப்பா என் சுண்டுவிரலைப் பிடித்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். நகம் வரை போய் நின்றுவிட்டது. வலையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து ஊதினார். அந்தப் பக்கம் நின்ற பாயின் தாடி அசைந்தது.

"இதான்" என்றார்.

புதன்கிழமை முழுக்க வேலை. துவாரத்தின் அளவுக்கு இரும்புக் கோணச் சட்டத்தை வெட்டி, நான்கு பக்கமும் சேர்த்து, வலையை அதன் மேல் விரித்து, ஓரம் முழுக்க வெல்டிங் வைத்தார். பார்க்க ஜோராக இருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும், வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடி கட்டும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதைத் தொங்கவிட்டார். முப்பது அடி தள்ளிப் போய் நின்று தானே எறிந்து பார்த்தார். எறிந்தது பத்து. ஒன்பது அம்மா காயப்போட்டிருந்த போர்வையில் விழுந்தது. ஒன்று எங்கே போனது என்று இன்று வரை தகவல் இல்லை.

"டேய், நீ எறிடா."

அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்தால் அன்று ஏதோ கெடப்போகிறது என்று அர்த்தம். நன்றாக எறிந்தால் ரயிலில் எறிந்தவன் இவன்தான் என்று தெரிந்துவிடுமே! அதனால் சாமிக்குப் பூப் போடுகிற மாதிரி எறிந்தேன். பாதி கல் வழியிலேயே விழுந்தது. மீதி வலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தது.

"என்னடா, கையா ரொட்டி சானாய் மாவா?"

"வலிக்குது பா."

அப்பா வலையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. உள்ளே போய் அம்மாவிடம், "தாங்குது!" என்றார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு சந்தோஷம்! சோறு கேட்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என் கையைத் தாங்கவில்லை, என் நடிப்பைத்தான் தாங்கியது. சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அது பிய்ந்துகொண்டு போனால் அப்பா சுத்தியலை எடுத்துத் தன் கையாலேயே தகரம் அடிப்பார். சொன்னால் செய்கிற மனிதர். யோசித்து யோசித்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா லீவு. காலையில் சட்டத்தைக் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னொரு வாட்டி எறியவா?"

"போதும்டா. பாத்தாச்சு."

"நேத்து கை வலிச்சிச்சு. இன்னைக்கு வலிக்கல."

அப்பா ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சாக்கைப் பிரித்தார். மறுபடி கம்பத்தில் கட்டினார். நான் முப்பது அடி போய்த் திரும்பினேன். கல்லை விட்டேன்.

டணார் என்று ஒரு சத்தம். வலையின் மேல் ஓரத்தில் நான்கு கம்பிகள் அறுந்து, வலை மடங்கிய காது மாதிரி தொங்கியது.

அம்மா ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தார். "பாவி! நாளைக்கு கொண்டு போவ வேண்டியத ஒடச்சிட்டியேடா!"

"அடிக்காத" என்றார் அப்பா. அவர் சட்டத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "கம்பி நடுவுல அறுவல. வெல்டிங் வச்ச எடத்துலதான் அறுந்திருக்கு. சூட்டுல கம்பி செத்துப் போச்சு." பிறகு திரும்பாமலே என்னிடம், "கீழ மூலையில ஒண்ணு எறி" என்றார்.

கீழ் மூலையில் அடித்தேன். அங்கேயும் அறுந்தது.

"நடுவுல."

நடுவில் அடித்தேன். வலை குழிந்தது, அறுந்துபோகவில்லை.

கடையில் தேநீர் சொல்கிற மாதிரி அவர் சொல்லச் சொல்ல, நான் கேட்ட இடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் கம்பியை மட்டுமே பார்க்கிறார், என் குறியைக் கவனிக்கவே இல்லை, நல்ல வேளை தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த அரை மணி நேரத்தில் இருவரும் மோட்டார் சைக்கிளில் மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டோம். அப்பாவுக்குத் தெரிந்தவரின் பட்டறை. இந்தத் தடவை கோணச் சட்டம் கிடையாது. ஒரே அளவில் இரண்டு பட்டைச் சட்டங்கள். வலையைச் சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக வெட்டி, ஓரத்தைப் பின்னால் மடக்கி, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே வைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். வலையின் மேல் ஒரு பொட்டு வெல்டிங் படவில்லை. ரயில் குலுக்கலில் போல்ட் கழன்றுவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர். திருகும் பக்கம் பெட்டிக்கு உள்ளே வருகிற மாதிரி வைத்தார். உள்ளே இருப்பவர்கள் கழற்றித் தூசியைக் கழுவலாம், வெளியே இருந்து எவனும் கைவைக்க முடியாது. முதல் துளை கோணலாகப் போனது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு சட்டம் வெட்டினார். இரண்டாவது சட்டம் அளவில் ஒரு நூல் கூடியது. அதையும் தூக்கிப் போட்டார். பட்டறைக்காரர், "அண்ணே, ஒரு நூலுதானே லா" என்றார். அப்பா காதிலேயே வாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் எறிந்தேன், எறிந்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் போல எறிந்தேன். வலை குழிந்தது, சட்டம் கிணுகிணுத்தது, ஒரு கம்பி விடவில்லை.

சனிக்கிழமை அப்பா கிளம்பும்போது நானும் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ வர வேணாம். வீட்டுல இரு."

"நான்தானே பா எறிஞ்சேன்?"

"இருடான்னா இரு."

அவர் குரலில் இருந்தது கோபம் என்று நினைத்தேன். அவர் மோட்டார் முனை திரும்பியதும் சைக்கிளை எடுத்தேன்.

பட்டறை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். சட்டத்தை ஒரு பெட்டியின் துவாரத்தில் பொருத்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. கல்லெறிந்த பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் சும்மா விடப்போவதில்லை என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"வடிவாத்தான் செய்திருக்கிறீர். ஆனா தாங்குமோ?"

"எறிஞ்சு பாருங்க ஐயா."

இரண்டு ஃபிட்டர்கள் எறிந்தார்கள். பெட்டியின் சுவரில்தான் பட்டது. நல்ல உடம்புள்ள மலாய்க்காரர் ஒருவர் கையைச் சுழற்றி எறிந்தார். கல் கூரையைத் தாண்டிப் போனது. "சுசா லா, கெச்சில் சங்காட்" என்று, துவாரம் ரொம்பச் சிறிது, கஷ்டம் என மலாயில் சலித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் அந்தப் பெட்டியில் கல் படாத இடம் அந்த வலை ஒன்றுதான்.

"ஒருத்தருக்கும் குறி இல்லை" என்றார் சூப்பர்வைசர். "கிட்ட நிண்டு எறிஞ்சா அது சோதனை இல்லை. சோதிக்காத சாமானுக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது? விடும். தகரமே அடியும்."

அப்பா சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நல்ல சட்டம்! ஒரு நூல் கூடியதற்காக இரும்பைத் தூக்கிப் போட்டுச் செய்த சட்டம். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அப்போது அவர் வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். பிறகு குனிந்து சுத்தியலை எடுத்தார்.

நான் வேலிக்கடியில் புகுந்து உள்ளே போனேன்.

"ஐயா, நான் எறியவா?"

யாரோ சிரித்தார்கள். நான் முப்பது அடி எண்ணி நின்றேன். முதல் கல் நடுவில். இரண்டாவது மேல் மூலையில். மூன்றாவது அதே மூலையில், அதே இடத்தில். டங், டங், டங். வலை அப்படியே இருந்தது.

சிரிப்பு நின்றிருந்தது. சூப்பர்வைசர் வலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் குறி எங்கை பழகினது?"

அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். "மாங்கா அடிச்சுப் பழகினது ஐயா. நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு மரம் இருக்கு."

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இனி அந்த மரத்துக்குக் கல் எறியவேண்டாமெண்டு பிள்ளையிட்டைச் சொல்லும்" என்றார். பிறகு காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "மிச்சப் பெட்டியளுக்கும் இப்பிடியே செய்யும்."

என் சைக்கிளைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஜெயித்துவிட்டோம். எனக்கோ மண்டை குடைந்தது.

"அப்பா, நம்ம வீட்டுக்குப் பின்னால மாமரம் இல்லையே."

மோட்டார் கொஞ்சம் மெதுவானது. "இல்ல?"

"இல்ல பா. தண்டவாளம்தான் இருக்கு."

"ஆமா" என்றார் அப்பா. "தண்டவாளம்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, "அப்பாவுக்கு வெயில்ல நின்னு என்னமோ ஆயிருச்சும்மா. இல்லாத மரமெல்லாம் தெரியுது. திங்கக்கிழம வேலைக்கு அனுப்பாதீங்க" என்றேன். அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்பாவை நினைத்தால் கவலையாகத்தான் இருந்தது.