பைலட் அத்தான் ஓட்டிய விமானம்

எங்கள் அத்தானைத் தெருவில் எல்லாரும் 'பைலட்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் விமானத்தில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. காலமெல்லாம் டிக்கெட் ஆபீஸில் உட்கார்ந்து ஊரையே பறக்கவிட்டவர். எங்கிருந்து எங்கே எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். விமானம் மாறி ஏற நடுவில் மூன்று மணி நேரமாவது இல்லாவிட்டால், யார் கெஞ்சினாலும் டிக்கெட் போடமாட்டார்.

அப்படிப்பட்டவர், என் அக்கா சாகக் கிடக்கும்போது இப்படிச் செய்வாரா?

நாளைச் சாயங்காலம் வரை தாங்கினால் பெரிசு என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்காவுக்கு ஒரே பிள்ளை. இருப்பது ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால். போனில் பேசுகிறாயா என்றால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போன்லயே பேசி அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா? அவன் முகத்தப் பாக்கணும்."

நேர் விமானம் கிடையாது. பத்திரமான வழியில் வந்தால் சாயங்காலம் ஆகும். நடுவில் ஐம்பது நிமிஷமே இருக்கிற வழியில் வந்தால் மத்தியானமே வந்துவிடலாம். அத்தான் இரண்டாவதைப் போட்டார்.

முதல் விமானமே ஒரு மணி நேரம் தாமதம். காலையில் பையன் பாதி வழியிலிருந்து கூப்பிட்டான். "விட்டுட்டேன்ப்பா. கண்ணு முன்னால கதவச் சாத்திட்டாங்க. அடுத்தது சாயங்காலந்தான்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்களே அத்தான், உங்க புத்தி எங்க போச்சு?" அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பாவமாகப் போய்விட்டது.

உள்ளே அக்கா கேட்டாள். "ஏறிட்டானா?"

"ஏறிட்டான். கடல் மேல வந்துட்டிருக்கான்."

பகல் பூராவும் வராத விமானத்தை ஓட்டினார் மனுஷன். கடல் தாண்டியாச்சு, மலை வந்தாச்சு, இன்னும் ஆயிரம் மைல்தான் என்று கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏறினதே இல்ல, பேச்சப் பாரு" என்று கிண்டல்கூடச் செய்தாள்.

சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"இறங்கிட்டானா?"

"இறங்கிட்டான். பெட்டிக்காக நிக்கிறான்."

"பெட்டி கெடக்கட்டும். வரச் சொல்லுங்க."

அதுதான் அவள் கடைசியாகப் பேசினது. பத்திரமான வழியில் வந்திருந்தால் அந்நேரம் பையன் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பான். அத்தானுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

நர்ஸ் போர்வையை இழுத்து மூடும்போது போன் அடித்தது. நான் எடுக்கப் போனேன், அத்தான் பிடுங்கிக்கொண்டார்.

"ஏறி உக்காந்துட்டேன்ப்பா. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"நீ வந்துட்டேன்னே சொல்லிட்டேன்டா. எட்டு மணி நேரந்தான். பெல்ட்டப் போட்டுக்கோ."

போனை வைத்ததும் அக்கா காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க நான் வாயெடுக்குமுன்னே கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னும் எட்டு மணி நேரம் அவனுக்கு அம்மா இருக்கட்டும்மா" என்றார்.