இரண்டு கோடு போட்டால் முற்றுப்புள்ளி

மென்பொருள் வேலையில் நாம் படித்தது ஒன்று, தலையில் வந்து விழுவது இன்னொன்று. கலிபோர்னியாவின் மில்பிடாஸில் ஒரு மெசேஜ் ஆப் கம்பெனியில் இருந்த எனக்கு வந்து விழுந்தது பர்மிய மொழியின் முற்றுப்புள்ளி. அவர்கள் நம்மைப் போலப் புள்ளி வைப்பதில்லை. நின்றவாக்கில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். ஒற்றைக் கோடு என்றால் கமா மாதிரி. இவை எல்லா போனிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேனேஜர் 'அவ்வளவுதான்' என்று சொன்ன எந்த வேலை அவ்வளவோடு நின்றிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

ஏன் நான்?

"எனக்கு பர்மீஸ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாதே" என்றேன் மேனேஜர் டேவிடம். அவர் அசரவில்லை. ஒரு பர்மியப் பக்கத்தையும், என் மேஜையில் கிடந்த தமிழ்க் காலண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டிச் சொன்னார்: "ரெண்டும் சுருள் சுருளாத்தானே இருக்கு? உனக்கு ஈஸியா வரும்."

வேலை செய்யாத பட்டன்

எங்கள் டிசைனர் கெவின் ரொம்ப நல்லவன். முதல் டெமோவில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஒரு புகார் வந்தது: 'பாட்டை நடுவில் நிறுத்துகிற ரெண்டு கோடு பட்டன், அந்த pause பட்டன், எதுவுமே வேலை செய்யவில்லை.' ஓடிப்போய், அது பட்டன் இல்லையப்பா, முற்றுப்புள்ளி என்று விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கடைசியில் கேட்டான்: "புரியுது. அப்ப ப்ளே பட்டன் எங்கே?"

ஒரே மூச்சில்

கம்ப்யூட்டருக்குள் ஒற்றைக் கோட்டுக்கு ஒரு எண், இரட்டைக் கோட்டுக்கு வேறு எண். ஆனால் நிறைய பேர் ஒற்றைக் கோட்டையே இரண்டு தடவை தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கம்ப்யூட்டரோ இரண்டு கமா என்று எடுத்துக்கொண்டு, வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நம்பும்.

எங்கள் ஆப்பில் உரக்கப் படிக்கும் குரல் ஒன்று உண்டு. அது ஒரு நீளச் செய்தியை மூச்சே விடாமல் படித்துத் தள்ளியது. டெஸ்ட் செய்துகொண்டிருந்த தந்தா ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அவள் யாங்கோன்காரி, டீமில் பர்மீஸ் தெரிந்த ஒரே ஆள். "எங்க பெரியம்மா குரலை நீ எங்கே ரெக்கார்ட் பண்ணினே?"

அங்கிளின் கவலை

ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூ கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் அபார்ட்மென்ட் அங்கிள் பிடித்துக்கொண்டார். "இப்ப என்ன ப்ராஜெக்ட்மா?" பர்மீஸ் ஃபுல்ஸ்டாப் என்றேன். "அப்புறம்?" அது மட்டும்தான் அங்கிள் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "இதுக்கெல்லாம் க்ரீன் கார்டு குடுக்கறாங்களாம்மா?"

அம்மாவின் கோபம்

ஒருநாள் தந்தா சிரிக்கவில்லை. யாங்கோனில் இருக்கும் அவள் அம்மா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாராம், போனையும் எடுப்பதில்லையாம். அக்காவிடம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 'வேலை அதிகம், இந்த வாரம் பேச முடியாது' என்று தந்தா அனுப்பியிருக்கிறாள். அம்மாவின் சின்ன போனில் வரி நிரம்பிப் போய், முற்றுப்புள்ளி மட்டும் தனியாகக் கீழே இறங்கி நின்றிருக்கிறது. 'இதோடு பேச்சு முடிந்தது என்று என் பெண்ணே கோடு போட்டுவிட்டாள்' என்று அம்மா அழுதிருக்கிறார். சொல்லும்போதே தந்தாவுக்கும் கண் கலங்கியது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். அந்தக் கோடுகள் வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது என்று விதி எழுதி, சோதித்து, டேவைத் தொந்தரவு செய்து, அந்த வார அப்டேட்டிலேயே அனுப்ப வைத்தேன். அக்கா அதை அம்மாவின் போனில் போட்டு, பழைய மெசேஜைத் திறந்து காட்டினாள். கோடுகள் சமர்த்தாக வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

மறுநாள் வீடியோவில் அம்மா வந்தார். தந்தா என்னைக் காட்டி, சரிசெய்தது இவள்தான் என்றாள். அம்மா என்னை உற்றுப் பார்த்து ஏதோ சொன்னார். தந்தா முகம் சிவக்க மொழிபெயர்த்தாள்: "என் பொண்ணுக்குக் கோபம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப ஒரு வாரம் பூரா பேச நேரமில்லைன்னு ஏன் எழுதினாள்னு நீயே கேட்டுச் சொல்லும்மா."

அமெரிக்காவில் என்ன சாதித்தாய் என்று இப்போது யாராவது கேட்டால், அடுத்தவர் பேச்சை முடித்துவைத்தேன் என்று மட்டும் சொல்கிறேன், அதை அவரவர் இஷ்டப்படி புரிந்துகொள்ளட்டும்.